வெட்டப்பட்ட மரமும் தண்ணீரின் வாசனையும்

தியானப் பகுதி: யோபு 14:7-9, மத்தேயு 9:35-38



ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில், கிறிஸ்து பிறப்பின் பண்டிகைக்குச் சற்று முன்னர், செக் குடியரசின் ரயில்களில் ஒரு சிறு சுடர் பயணம் செய்கிறது. பெத்லகேமில் நம் ஆண்டவர் பிறந்த இடமாகப் போற்றப்படும் ஆலயக் குகையில் எரியும் விளக்கிலிருந்து எடுக்கப்பட்ட சுடர் அது. ஆஸ்திரிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனம் 1986-இல் தொடங்கிவைத்த வழக்கத்தின்படி, ஒரு குழந்தையின் கையால் ஏற்றப்பட்டு அது வியன்னாவுக்கு வருகிறது. அங்கிருந்து அதை வாங்கிக்கொள்பவர்கள் சாரணர்கள். செக் நாட்டுச் சாரணச் சிறுவரும் சிறுமியரும் அதைப் பிர்னோ நகருக்குக் கொண்டுவந்து, பின்னர் ரயிலேறி நாடெங்கும் எடுத்துச் செல்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மக்கள் தத்தம் கைவிளக்குகளோடு நடைமேடையில் காத்திருக்கிறார்கள். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குக்குச் சுடர் மாறுகிறது. அதற்கு விலை ஏதும் இல்லை.

இதில் வியப்பதற்கு ஒன்று உண்டு. ஐரோப்பாவில் தேவாலயங்களை விட்டு மிகவும் விலகி நிற்கும் நாடுகளில் ஒன்று செக் குடியரசு. 2021-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாம் ஒரு சபையையோ மதத்தையோ சேர்ந்தவர் என்று குறிப்பிட்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அத்தகைய நாட்டில் பெத்லகேமின் சுடரை வீடுவீடாகச் சேர்ப்பவர்கள் குருமார்கள் அல்லர். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் இயக்கமோ ஒரே நூற்றாண்டில் மூன்று முறை வெட்டி வீழ்த்தப்பட்ட இயக்கம். அது எவ்வாறு மீண்டும் தளிர்த்தது என்பதையே இந்த வாரம் உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன்.

யோபு தன் துயரத்தின் நடுவில் ஒரு மரத்தை நினைத்துப் பார்க்கிறான். மரம் வெட்டப்பட்டாலும் அதற்கு நம்பிக்கை உண்டு என்கிறான். வேர் மண்ணுக்குள் முதிர்ந்துபோனாலும், அடிமரம் புழுதியில் பட்டுப்போனாலும், தண்ணீரின் வாசனை எட்டினால் போதும். அது துளிர்த்து, இளமரம் போலக் கிளைவிடும் என்கிறான். இந்த வசனங்களை நாம் அடக்க ஆராதனைகளில் அதிகம் கேட்டிருக்கிறோம். ஒரு தேசத்தின் பிள்ளைகளைக் குறித்தும் அவை பேசுகின்றன என்பதைப் பாருங்கள்.

அன்டோனின் பெஞ்சமின் ஸ்வோய்சீக் என்பவர் பிராக் நகரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அவர் 1911-இல் இங்கிலாந்து சென்று, பேடன் பவல் தொடங்கிய சாரணர் இயக்கத்தை நேரில் கண்டார். அடுத்த கோடையில், 1912-இல், லிபினிட்ஸே கோட்டையின் அடிவாரத்தில் ஒரு சிறு கூட்டம் மாணவர்களோடு முதல் முகாமை நடத்தினார். அந்த இயக்கத்துக்கு 'யுனாக்' என்று பெயர் வந்தது. அந்த நாட்டுச் சாரண முகாம்களை அறிந்தவர்கள் ஒன்றைச் சொல்லுவார்கள். காட்டோரப் புல்வெளியில் பிள்ளைகளே பலகை அடித்தளம் அமைத்துக் கூடாரம் எழுப்புகிறார்கள்; சமையற்கூடமும் கழிப்பிடமும் கட்டுகிறார்கள்; இரண்டு மூன்று வாரம் அங்கே வாழ்கிறார்கள்; பிறகு எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, புல்வெளியை இருந்தபடியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் பாசறைத் தீயின் முன் நின்று உறுதிமொழி ஏற்கிறார்கள்.

இன்று அவர்கள் ஏற்கும் உறுதிமொழியின் கட்டாயப் பகுதியில் தேவனுடைய நாமம் நேரடியாக இல்லை. மேலான சத்தியத்துக்கும் அன்புக்கும் எக்காலத்திலும் உண்மையாய் ஊழியம் செய்வதாகவே அவர்கள் சொல்லுகிறார்கள். ஒரு போதகராக இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குச் சற்றுக் குறையாகத் தோன்றியது. பின்னர் யோசித்தேன். தம்மையே சத்தியம் என்று சொன்னவர் நம் ஆண்டவர். தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று எழுதியவர் அவருடைய சீஷன். அறியாமலே அவருடைய வாசற்படியில் நின்று வாக்களிக்கும் பிள்ளையை நான் குறைகூறலாமோ? அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று. 'எக்காலத்திலும்' என்று அவர்கள் சொன்னார்களே, காலம் மாறியபோது அந்த வாக்கு என்ன ஆயிற்று?

காலம் விரைவிலேயே மாறியது. 1940-இல் நாத்சி ஆட்சியாளர்கள் இயக்கத்தைத் தடைசெய்தார்கள். போர் முடிந்த 1945-இல் அது எழுந்தது. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் யுனாக் மீண்டும் கலைக்கப்பட்டது. நாட்டின் இளைஞர் அனைவருக்கும் ஒரே அமைப்புதான் இருக்க வேண்டும் என்பது அரசின் கொள்கை. 1949-இல் சிறுவர்களுக்கென்று பயனியர் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. கவனியுங்கள்: அதிலும் ஸ்கார்ஃப் இருந்தது, உறுதிமொழி இருந்தது, முகாம் இருந்தது, விளையாட்டு இருந்தது. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயினும் அது அரசுக் கட்சியின் நிழலில் பள்ளிக்கூடங்களின் வழியாக நடந்த அமைப்பு; சேராத பிள்ளையின் மேற்படிப்பைக் குறித்துப் பெற்றோர் அஞ்சவேண்டியிருந்தது. இரண்டுக்கும் இருந்த வேறுபாடு அந்த அச்சத்திலேயே இருந்தது.

தங்கள் வாக்கை விட்டுவிடாதவர்களில் சிலர் கொடுத்த விலை பெரிது. டாக்மர் ஸ்காலோவா சாரணியர் தலைவியாக இருந்தவர். அவருடைய சாரணப் பெயர் ரக்ஷா. இந்தியக் காட்டைக் களமாகக் கொண்ட கிப்லிங்கின் கதையில், மனிதக் குழந்தையைத் தன் குட்டியாக வளர்த்த தாய் ஓநாயின் பெயர் அது. ஆட்சிக்கு எதிரான ஒரு முயற்சியில் பங்குகொண்டதற்காக 1949-இல் அவர் கைதுசெய்யப்பட்டு, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டார். வெளியே வந்தபோது ஆண்டு 1965. யிர்ஷி நவ்ராட்டில் என்ற இளம் சாரணர் தலைவரும் 1949-இல் கைதானார். அவருக்கு 20 ஆண்டுகள் தண்டனை. 1960-இல் பொதுமன்னிப்பில் விடுதலையானார். சாரணர்கள் பலர் யாஹிமோவ் பகுதியின் யுரேனியச் சுரங்க முகாம்களில் தங்கள் இளமையைக் கழித்தார்கள்.

ஆனால் அன்பானவர்களே, எல்லாரும் சிறைக்குப் போகவில்லை. இந்த வரலாற்றில் என் உள்ளத்தை அதிகமாகத் தொடுவது, போகாதவர்கள் செய்த காரியமே. அவர்கள் பெயரை விட்டுக்கொடுத்தார்கள், வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. சுற்றுலா மன்றங்கள், விளையாட்டுக் கழகங்கள், இயற்கைப் பாதுகாப்புக் குழுக்கள் ஆகியவற்றின் பெயரால், சில இடங்களில் பயனியர் அமைப்பின் பெயராலேகூட, பழைய சாரணத் தலைவர்கள் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். நெருப்பு மூட்டவும், நட்சத்திரம் பார்த்துத் திசையறியவும், பலவீனனுக்காகக் காத்திருக்கவும், பொய் சொல்லாதிருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சிறுவர்களுக்காக எழுதிய யாரோஸ்லாவ் ஃபோக்லரை அந்த நாட்டில் அறியாதவர் இல்லை. அவருடைய புத்தகங்கள் நீண்ட காலம் வெளிவர முடியாதிருந்தன. எழுதத் தடை வந்தபோதும் அவர் தம் சிறுவர் குழுவை விட்டுவிடவில்லை. ஆட்சிகள் மாற மாறக் குழுவின் பெயரும் மாறியது; அவரோ ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அதே குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

அறுபது ஆண்டுகள்! ஒரு பேராயருக்குக்கூட அத்தனை நீண்ட ஊழியம் வாய்ப்பதில்லை. அவர் கையில் இருந்தது ஒரு நகரத்துச் சிறுவர் குழு மட்டுமே.

1968-இல் 'பிராக் வசந்தம்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சில மாதங்களில் யுனாக் மீண்டும் எழுந்தது. அதே ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டணி நாடுகளும் அனுப்பிய டாங்கிகள் வந்தன. 1970-இல் மூன்றாவது தடை. இரண்டே ஆண்டுகள்தான் அனுமதி. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரம் பிள்ளைகள் பாசறைத் தீயின் முன் நின்று வாக்களித்துவிட்டார்கள். மனிதர் பார்வையில் அது வீணான முயற்சி. எப்படியும் தடைசெய்யப்படப்போகும் ஒன்றுக்காக எதற்கு இத்தனை பாடு என்று அறிவுள்ளவர்கள் கேட்டிருப்பார்கள்.

அதற்கான பதில் 1989-இல் வந்தது. நவம்பரில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். டிசம்பரிலேயே சாரணர்கள் ஒன்றுகூடித் தங்கள் இயக்கத்தை மீட்டெழுப்பினார்கள். அந்த மாதத்தின் இறுதியில் குடியரசுத் தலைவரான வாட்ஸ்லாவ் ஹாவலும் சிறுவயதில் சாரணராக இருந்தவரே. வெகுவிரைவில் பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களை நடத்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? சற்றுக் கணக்குப் பாருங்கள். 1968-இல் 12 வயதில் வாக்களித்த சிறுமிக்கு 1989-இல் 33 வயது. 1946-இல் 12 வயதாயிருந்த சிறுவனுக்கு 55 வயது. போருக்கு முன்னர் வாக்களித்தவர்கள் எழுபதை எட்டியிருந்தார்கள். இருபது ஆண்டுகளும் நாற்பது ஆண்டுகளும் மண்ணுக்குள் கிடந்த வேர்கள் அவர்கள். தண்ணீரின் வாசனை எட்டியது; எழுந்து வந்தார்கள். சிறையில் பதினோரு ஆண்டுகள் கழித்த நவ்ராட்டிலும் அவர்களோடு வந்து, இயக்கத்தின் தலைமைப் பொறுப்புகளைச் சுமந்தார்.

ஐம்பதுகளில் இருக்கும் என்னை அந்த 55 வயது மனிதர் நெடுநேரம் யோசிக்கவைத்தார். பிள்ளைப் பருவத்தில் செய்த ஒரு வாக்கை, யாரும் கேட்காத நாற்பது ஆண்டுகள் அவர் எங்கே வைத்திருந்தார்? ஒருவரும் காணாத அந்த ஆண்டுகளில் அதை எடுத்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தால் அல்லவா, வேண்டிய நாளில் அது துருப்பிடிக்காமல் இருந்தது!

இதோடு கதை முடிந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். விடுதலை வந்தது, மரம் தளிர்த்தது, தேவனுக்கு மகிமை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நடந்தது அவ்வளவு எளிதானதன்று. விடுதலைக்குப் பின்னான ஆண்டுகளில் இயக்கம் வளரவில்லை, தேய்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 80,000-க்கு மேல் இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டில் ஏறக்குறைய 45,000-க்கு இறங்கிவிட்டது. காரணங்கள் பல. நாட்டில் பிறப்பே குறைந்தது. 1990-இல் சுமார் 1,30,000 குழந்தைகள் பிறந்த நாட்டில் 1999-இல் பிறந்தவர்கள் 90,000-க்கும் குறைவு. புதிய பொருளாதாரத்தில் பெற்றோர்கள் ஓடினார்கள்; பிள்ளைகளைக் கவரத் தொலைக்காட்சியும் கணினி விளையாட்டும் வந்தன. இயக்கத்துக்குள்ளேயும் முதியோருக்கும் இளையோருக்கும் இடையே பிணக்குகள் இருந்தன. தடை இருந்த காலத்தில் தடையைத் தாங்கிய மரம், தடை நீங்கிய காலத்தில் வாடத் தொடங்கியது.

பிரியமானவர்களே, இதை நாம் ஆழமாக உணரவேண்டும். விடுதலை என்பது கதவு திறப்பது மட்டுமே. திறந்த கதவின் வழியாக ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திச் செல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். எகிப்தை விட்டுப் புறப்பட்டவுடனே இஸ்ரவேலர் கானானுக்குள் வந்துவிடவில்லையே!

யுனாக் இந்தப் பாடத்தை மெல்லக் கற்றுக்கொண்டது. பிள்ளைகளைக் கவர வேடிக்கை காட்டுவதைவிட, பிள்ளைகளை நடத்துவோரை உருவாக்குவதில் அது கவனம் வைத்தது. ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்க விரும்பும் இளைஞர், முதலுதவி, சட்டம், உளவியல், கற்பிக்கும் முறை ஆகியவற்றில் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறவேண்டும். பதின்வயதிலேயே துணைத்தலைவர்களாகப் பொறுப்பேற்று, இருபதை எட்டும்போது ஒரு குழுவையே சுமக்கிறார்கள். இவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. கோடை விடுமுறையின் இரண்டு மூன்று வாரங்களையும் வாரந்தோறும் ஒரு மாலையையும் கொடுத்துவிடுகிறார்கள். பயிற்சித் திட்டத்தையும் வயதுக்கு ஏற்பச் சீரமைத்தார்கள். இளைய சிறுவர்களுக்கு ஓநாய்க்குட்டிகள் என்று பெயர். சிறுமிகளுக்கு மின்மினிகள் என்று பெயர்.

அதன்பின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இடையில் பிறப்பு விகிதம் சற்று உயர்ந்ததும், திரையை விட்டுப் பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பப் பெற்றோர் விரும்பியதும் அதற்குத் துணைநின்றன. ஆனால் அவை மட்டும் போதியிருக்காது. இன்று யுனாக் 70,000-க்கு மேற்பட்ட உறுப்பினர்களோடு அந்த நாட்டின் சிறுவர், இளைஞர் அமைப்புகளில் மிகப்பெரியதாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தன் பட்டியலில் வைத்திருந்த பயனியர் அமைப்போ, கட்டாயம் நீங்கியவுடன் பெரும்பாலோரை இழந்தது. கட்சிச் சார்பற்ற தன்னார்வ அமைப்பாக மாறி, அதுவும் இன்று சிறிய அளவில் பிள்ளைகளுக்குப் பணிசெய்கிறது என்பதை நேர்மைக்காகச் சொல்லவேண்டும்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வந்துவிட்டேன். அந்த நாட்டின் நகரங்களில் பல சாரணக் குழுக்கள் இன்று புதிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடியாமல் திருப்பி அனுப்புகின்றன. காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அரசு தடுக்கவில்லை. பணமில்லை என்பதும் முதற்காரணமன்று. பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். அழைத்துச்செல்லப் பெரியவர்கள் போதவில்லை. சிறைச்சாலையாலும் நிறுத்த முடியாத ஒன்றை, ஓய்வில்லாத பெரியவர்களின் நாட்குறிப்பு நிறுத்திவைக்கிறது.

மத்தேயு 9-ஆம் அதிகாரத்தின் முடிவில் ஆண்டவர் ஜனக்கூட்டத்தைப் பார்க்கிறார். மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போல அவர்கள் தவித்துக்கிடப்பதைக் கண்டு மனதுருகுகிறார். அப்போது அவர் விளைச்சலைக் குறித்து வருந்தவில்லை. விளைச்சல் மிகுதி என்கிறார். குறைவு வேறிடத்தில் இருக்கிறது. வேலையாட்களை அனுப்பும்படி எஜமானிடம் கேளுங்கள் என்று சீஷர்களிடம் சொல்லுகிறார். அடுத்த அதிகாரத்தைத் திறந்தால், அப்படிக் கேட்கச் சொல்லப்பட்ட அதே பன்னிருவர் அனுப்பப்படுகிறார்கள். ஜெபித்தவர்களே ஜெபத்துக்குப் பதிலானார்கள்.

நான் உங்களிடம் ஒன்றை அறிக்கையிட வேண்டும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், ஒரு தாய் தன் 12 வயது மகனோடு என்னிடம் வந்தார். "ஐயா, இவனை ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பையன் என்கிறார்கள், வாலிபர் ஐக்கியத்தில் சின்னப் பையன் என்கிறார்கள். இவன் வயதுக்காரர்களுக்கு ஏதாவது வகுப்பு உண்டா?" என்று கேட்டார். "ஆள் கிடைத்தவுடன் தொடங்கிவிடலாம் அம்மா" என்றேன். ஆண்டுக்கூட்டத்தில் அதைச் சொன்னேன். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். சிறுவர்களுக்கென்று ஓர் அறையை ஒதுக்கினோம், வெள்ளையடித்தோம், இருபது நாற்காலிகள் வாங்கினோம். அந்த நாற்காலிகளில் உட்காரும் பிள்ளைகளோடு உட்கார ஒருவரும் வரவில்லை, நானும் வரவில்லை. எனக்குக் கூட்டங்கள் இருந்தன. சில மாதங்களுக்குப் பின் அந்தத் தாய் மட்டும் தனியாக ஆராதனைக்கு வரத் தொடங்கினார். மகன் ஏன் வரவில்லை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சபையில் நாட்டமில்லை' என்று நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! நாட்டமில்லாதவன் யார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

நம்மில் பலர் இளமையில் வாக்களித்தவர்கள். திடப்படுத்தல் ஆராதனையில் முழங்காற்படியிட்டு வாக்களித்தோம். கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் கையுயர்த்தி வாக்களித்தோம். மருத்துவமனைக் கட்டிலருகே கண்ணீரோடு வாக்களித்தோம். யாரும் நம்மைத் தடைசெய்யவில்லை, யாரும் நம்மைச் சிறையில் அடைக்கவில்லை. வேலையும், வீட்டுக் கடனும், பிள்ளைகளின் படிப்பும் அந்த வாக்கின்மேல் மண்ணைக் கொட்டின. ஆயினும் வேர் செத்துப்போயிற்று என்று நான் நம்பவில்லை. யோபுவின் மரத்துக்கு நம்பிக்கை உண்டென்றால் உங்களுக்கும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியரே, உங்களுக்கும் உண்டு. இருபத்திரண்டு வயதுச் சகோதரியே, உங்களைவிடப் பத்து வயது இளைய பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடியதை நான் கொடுக்க முடியாது.

ஆகையால் வருகிற மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த அறையில் நான் இருப்பேன். ஒரு பிள்ளை வந்தாலும் இருப்பேன். அதற்கு முன்னர் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், அவருடைய மகனிடம் மன்னிப்புக் கேட்பேன். எனக்குத் தனியாக இதைச் செய்யத் தெரியாது; உங்களில் இருவர் வேண்டும். பாடத் தெரியவேண்டியதில்லை, பிரசங்கிக்கத் தெரியவேண்டியதில்லை. வாரந்தோறும் தவறாமல் வரத் தெரிந்தால் போதும்.

பிர்னோ நகரிலிருந்து புறப்படும் அந்த ரயிலை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். பெத்லகேமின் சுடர் தானாக நடந்து ஊர்களுக்குப் போவதில்லை. குளிரில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, அணையாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் நிற்கிறார். அதனால் அடுத்த ஊருக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

சிந்தனைக்கு: இளமையில் நீங்கள் தேவனுக்குச் செய்த எந்த வாக்கு இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது? உங்களுக்காகத் தம் மாலைகளைக் கொடுத்த ஒருவரின் பெயரை இன்று நன்றியோடு நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: அறுப்பின் எஜமானே, பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள் என்பதை அறிந்தும் எங்கள் அலுவல்களுக்குள் ஒளிந்துகொண்டோம், எங்களை மன்னியும். மறந்துபோன வாக்குகளின்மேல் உமது ஆவியின் தண்ணீரைப் பொழிந்தருளும். பகையின் காலத்தில் உண்மையாயிருந்தவர்களைப் போலவே, வசதியின் காலத்திலும் உண்மையாயிருக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் கையில் தந்த சுடர் அடுத்த கைக்குச் சேரும்வரை அணையாமல் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.